மாறாதது என்ற சொல்லும் அபர்ணாவின் கல்யாணமும்

ஐப்பசி 4, வியாழன்

காலையிலிருந்து மழை. ஐப்பசியின் துலாவர்ஷ மழை என்றால் மூன்று மணிக்கு மேல்தான் வரும். இந்த வருடம் அதற்கும் ஒழுங்கில்லை. கொடியில் போட்ட வேட்டிகள் எல்லாம் ஈரம்.

செய்ய வேண்டியவை: பூக்காரனுக்கு ஃபோன். ஆரியசாலையில் சொன்ன வெல்லமும் தேங்காயும் வந்ததா என்று பார்க்க. சடங்கு பண்ணி வைக்கும் வாத்தியார் நாளைக்குக் கேட்ட சாமான். கோச்சிங் சென்டருக்கு ஆங்கில 'ஐ' எழுத்துச் சொற்கள்.

கடைசிதான் தலைவலி. பழவங்காடிப் பக்கம் ஒரு கோச்சிங் சென்டர். வங்கிப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களின் அர்த்தமும் வேரும் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. புத்தகமாக அச்சடிக்கிறார்கள். 'ஐ'யில் பாதி ஆயிற்று. இம்யூட்டபிளில் வந்து நின்றது.

இம்யூட்டபிள்: மாறாதது, மாற்ற முடியாதது. லத்தீன். 'இம்' என்றால் இல்லை. 'மூட்டாரே' என்றால் மாற்று. உறவுக்காரர்கள்: கம்யூட்டர் (தினமும் வேலைக்குக் கழக்கூட்டம் போய் வரும் என் பெண் அபர்ணா), பெர்மியூட்டேஷன், மியூச்சுவல், பறவை இறகு உதிர்க்கும் மோல்ட். பைத்தியம் என்று பொருள்படும் மேட் கூட, தோண்டிக்கொண்டே போனால், இந்த வேரில்தான் போய் நிற்கும் என்கிறார்கள். குடும்பம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் கும்பல். இவன் ஒருத்தன் மட்டும் மாட்டேன் என்று வாசலில் நிற்கிறான்.

உதாரண வாக்கியம் வேண்டும். தோன்றவில்லை. நாளைக்கு தத்தம், பெண்ணைத் தத்துக் கொடுப்பது. அதிலேயே மனசு நிற்கிறது.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் பின்னால் நானே நம்ப மாட்டேன்.

அபர்ணா, கூட வேலை பார்க்கும் ஹரியைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்றாள். பாலக்காட்டுப் பையன். ஆத்தில் தமிழ். நம்மவன். அந்தச் சந்தோஷத்தில் என் மனைவி மீனாவும் நானும் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. 'நல்ல வேளை, நம்மவா' என்று இரண்டு வீடும் பெருமூச்சு விட்டதோடு சரி. மண்டபம் பிடித்து, பத்திரிகை அச்சடித்த பிறகு பையன் வந்து நமஸ்காரம் பண்ணினான். இரண்டு காதையும் தொட்டுக்கொண்டு அபிவாதயே சொன்னான். தன் கோத்திரமும் பெயரும் சொல்லிப் பெரியவர்களை வணங்குவது. கௌண்டின்ய கோத்ரம் என்று காதில் விழுந்தது. என்னுடையதும் அதுதான். ஒரே கோத்திரம் என்றால் அண்ணன் தங்கை. கல்யாணம் கிடையாது.

ஹரியின் அம்மா அன்றைக்கே, "இத்தோட நிறுத்திக்கலாம்" என்றாள். முதல் வாத்தியார் முடியாது என்றார். இரண்டாம் வாத்தியார் வழி உண்டு என்றார். இரண்டாமவரைப் பிடித்துக்கொண்டோம். வழி இது: வேறு கோத்திரத்துக்காரர் யாருக்காவது அபர்ணாவை தத்தம் கொடுத்துவிட வேண்டும். அவள் அவர் பெண்ணாகிவிடுவாள். அவர் கன்னிகாதானம் செய்யலாம். மீனாவின் தம்பி சிவராமன் இருக்கிறான். பாரத்வாஜ கோத்திரம். இரண்டு தெரு தள்ளி வீடு. குழந்தை இல்லை.

முகூர்த்தத்தில் பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை தாலி கட்டுவான். எங்கள் வழக்கம். அந்த மடி இனி சிவராமனுடையது.

அபர்ணா சொல்கிறாள்: "ஒரு நாள் சடங்குப்பா. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு."

சடங்குதான். ஆனால் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வாங்கிக்கொள்ள மந்திரம் கிடையாது என்கிறார் வாத்தியார். கேட்டுப் பார்த்தேன்.

ஐப்பசி 5, வெள்ளி

ஆயிற்று.

கல்யாணத்துக்கு முன்னால் வேறு நல்ல நாள் இல்லை என்று இன்றைக்கே வைத்தது. சிவராமன் கையை நீட்டி, பெண்ணைக் கொடு என்று கேட்க வேண்டும். நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரே சொல், ததாமி. முதல் தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை. வாத்தியார், "சத்தமா சொல்லுங்கோ, அக்னிக்குக் கேக்கணும்" என்றார். இரண்டாம் தடவை கத்திவிட்டேன். மீனா திரும்பிப் பார்த்தாள்.

சிவராமன் அவள் உச்சியை முகர்ந்தான். முகர்ந்துவிட்டு அழுதான். ஐம்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, எல்லார் எதிரிலும். எனக்குக் கோபம் வந்தது. அழ வேண்டியவன் நான். அதையும் அவனே எடுத்துக்கொண்டான்.

சாப்பிடும்போது வாத்தியார் பாயசத்துக்கு நடுவில்: "இனிமே அவாத்து நல்லது கெட்டது எல்லாம் இவளுக்கு உண்டாக்கும். அவர் பங்காளி, தாயாதி யாராவது போனா, கேட்டதுலேர்ந்து பத்து நாள் தீட்டு. உங்காத்துது கிடையாது."

"நான் செத்தா?"

"மூணு நாள்."

மீனா, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு?" என்று அதட்டினாள். பாயசம் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ருசி தெரியவில்லை.

ஐப்பசி 7, ஞாயிறு

மழை இல்லை. புழுக்கம்.

சிவராமன் காலையிலேயே வந்துவிட்டான். கையில் புடவைப் பெட்டி. "அபுவுக்கு நான் எடுத்ததாக்கும். நீங்க எடுத்ததும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்." அரக்கு நிறம். நான் எடுத்ததைவிட அவளுக்கு எடுப்பாக இருந்தது. சொல்லவில்லை.

அவன் வில்லேஜ் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவன். என் மேஜையில் கிடந்த குறிப்பை எடுத்துப் படித்தான்.

"மியூட்டேஷன் இதே வேரா? அப்போ நம்ம போக்குவரவு."

ஆமாம் என்றேன். நிலம் கை மாறினால் பதிவேட்டில் பழைய பெயரை எடுத்துப் புதுப் பெயர் ஏற்றுவதற்கு இங்கே போக்குவரவு என்று பெயர். ஆயுசு முழுக்க அவன் செய்த வேலை அது.

"எத்தனை பேருக்குப் பண்ணியிருப்பேன். எனக்குன்னு ஒண்ணு வந்ததில்லை. இப்போ இவளைப் போக்குவரவு பண்ணிண்டாச்சு" என்று சிரித்தான். அபர்ணாவும் சிரித்தாள். 'புது அப்பா' என்று கூப்பிடுகிறாள், விளையாட்டாக. நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

பிறகு சுந்தரம் புராணம். சுந்தரம் சிவராமனின் பெரியப்பா பிள்ளை. மீனாவுக்கும் அண்ணா முறை. கோயம்புத்தூரில் இருக்கிறார். சிவராமனைத் தோளில் தூக்கி வளர்த்தவர், கரமனை ஆற்றில் தள்ளி நீச்சல் பழக்கியவர். செவ்வாய்க்கிழமை ரயில் ஏறுகிறாராம். "நீ கன்னிகாதானம் பண்றதை நான் பாக்காம போக மாட்டேன்டா" என்று ஃபோனில் சொன்னாராம். சிவராமன் இதை மூன்று தடவை சொன்னான்.

மீனா சுந்தரத்துக்கென்று தனியாகக் கைமுறுக்கு சுற்றி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

ஹரியின் அம்மா ஃபோன். மண்டபம், மேளம் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில்: "மாமா, நான் அரை மனசாத்தான் ஒத்துண்டிருக்கேன், உங்களுக்குத் தெரியும். இன்னும் ஒரு தடங்கல் வந்துதுன்னா அதை நான் சகுனமாத்தான் எடுத்துப்பேன். அப்புறம் யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்."

அபர்ணா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

ஐப்பசி 8, திங்கள்

பத்மநாபசாமி கோவிலில் பத்திரிகை வைக்கப் போனோம். உள்ளே ஃபோன் கொண்டுபோகக் கூடாது. எனக்கு முழங்கால் வலி, வரிசையில் நிற்க முடியாது. எல்லாருடைய ஃபோனையும் என்னிடம் கொடுத்துவிட்டு மீனா, சிவராமன், அபர்ணா மூவரும் உள்ளே போனார்கள். நான் பத்மதீர்த்தக் குளக்கரையில் உட்கார்ந்தேன்.

சிவராமனின் ஃபோன் அடித்தது. 'ரமேஷ் கோவை'. சுந்தரத்தின் பிள்ளை. ரயில் விஷயம் என்று எடுத்தேன்.

"சித்தப்பா..." குரலே சரியில்லை.

"அவன் உள்ளே தரிசனத்துக்குப் போயிருக்கான்டா. நான் கரமனை அத்திம்பேர், மீனா அத்தை ஆத்துக்காரர் பேசறேன்."

"அப்பா போயிட்டார், அத்திம்பேர். கார்த்தாலே. பல் தேய்ச்சிண்டிருந்தார். சத்தம் கேட்டுப் போய்ப் பாக்கறதுக்குள்ளே..."

அவனே பேசினான். "நாளைக்குப் பத்து மணிக்கு எடுத்துடுவோம். சித்தப்பா சாயங்காலம் வண்டியேறினா வந்துடலாமோன்னோ?"

வரலாம். தாராளமாக வரலாம். முகம் பார்க்கலாம்.

நான் சொன்னேன்: "ரமேஷா, அபர்ணாவை சிவராமனுக்கு தத்தம் குடுத்திருக்கு. வியாழக்கிழமை முகூர்த்தம்."

அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. சிவராமனுக்குப் பத்து நாள். இப்போது அவன் பெண்ணான அபர்ணாவுக்கும் பத்து நாள். தானம் கொடுக்கிறவனுக்கும் தீட்டு, பெண்ணுக்கும் தீட்டு. கல்யாணம் நிற்கும். நின்றால் ஹரியின் அம்மா அத்தோடு முடித்துவிடுவாள். என் பெண்ணாகவே இருந்திருந்தால் இந்தச் சாவு அவளைத் தொட்டிருக்காது.

"கேட்டாத்தானே தீட்டு" என்றேன். நான்தான் சொன்னேன். அவன் சொல்லவில்லை.

"சரி, அத்திம்பேர். மத்தவாகிட்டயும் சொல்லி வெக்கறேன். யாரும் கூப்பிட மாட்டா" என்றான். பிறகு, "அப்பா ரெண்டு நாளா பெட்டி கட்டி வெச்சுண்டு உக்காந்திருந்தார்" என்றான். வைத்துவிட்டான்.

அந்த அழைப்பை சிவராமனின் ஃபோனிலிருந்து அழித்தேன். இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன்.

ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். அழிப்பதற்கு முன் ஒரு நிமிஷம், சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. சுந்தரத்துக்காக இல்லை. சொன்னால் சிவராமனுக்கு அந்த மடி பாக்கியம் கிடைக்காது. அப்படியும் நினைத்தேன். பிறகு அபர்ணா கதவோரம் நின்றது ஞாபகம் வந்தது.

மூவரும் நெற்றியில் சந்தனத்தோடு வந்தார்கள். சிவராமன் ஃபோனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "யாராவது விளிச்சாளா?" என்றான்.

"இல்லை."

"சுந்தரம் கூப்பிடுவான்னு நினைச்சேன்" என்றான். நாலு பேரும் ஆட்டோவில் கரமனை வந்தோம்.

ஐப்பசி 9, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பாத்திரக்காரன் வரவில்லை. பந்தல்காரன் வந்துவிட்டுப் போனான், எதற்கு என்று தெரியவில்லை.

ஒன்பதரை இருக்கும். சிவராமன் எங்காத்து ஊஞ்சலில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டே சுந்தரத்துக்கு ஃபோன் போட்டான். கை எச்சில் என்று ஸ்பீக்கரில். என் கையில் காப்பி டம்ளர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காதே, எடுக்காதே என்று மனசுக்குள் ஜபம். எடுத்தான்.

"ரமேஷா? அப்பா எங்கடா? வண்டிக்குக் கெளம்பியாச்சா?"

"அப்பா... தூங்கறார், சித்தப்பா."

"இந்நேரத்துக்கா? அவன் பகல்ல தூங்கற ஆள் இல்லையே."

"கொஞ்சம் முடியலை. கல்யாணத்துக்கு வர முடியாது போல."

பின்னால் பல குரல்கள். யாரோ மந்திரம் சொல்கிறார்கள்.

"என்னடா சத்தம்?"

"டிவி, சித்தப்பா."

"டாக்டர்கிட்ட காமிச்சேளா? எழுந்ததும் என்னைக் கூப்பிடச் சொல்லு. எத்தனை மணியானாலும் சாரமில்லை, கூப்பிடட்டும்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "வருவேன்னு சத்தியம் பண்ணினான், அத்திம்பேர்."

"வயசாயிடுத்து, இல்லையா" என்றேன். மீனா உள்ளேயிருந்து, "அப்போ முறுக்கைக் கோயம்புத்தூருக்கு யார்கிட்டயாவது குடுத்தனுப்பணும்" என்றாள். அவளுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகத்தைப் பார்த்தே தம்பி கண்டுபிடித்துவிடுவான்.

பத்து மணி அடித்தபோது சிவராமன் வாசலில் வாழைமரம் கட்டுகிறவனோடு தர்க்கம். சாய்ந்திருக்கிறது, நிமிர்த்திக் கட்டு என்று. நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வேலை செய்து பார்த்தேன். உதாரண வாக்கியம். 'சாஸ்திரம் இம்யூட்டபிள்' என்று எழுதி அடித்தேன். இரண்டு வாத்தியாரிடம் கேட்டவன் அதை எழுதக் கூடாது. 'கடந்தது இம்யூட்டபிள்' என்று எழுதினேன். தப்பில்லை, ஆனாலும் பொருந்தவில்லை. இந்தச் சொல் சட்டத்துக்கும் உண்மைக்கும். மனுஷன் செய்து முடித்த காரியத்துக்கு இர்ரெவோகபிள் என்று வேறு சொல். அதன் வேரில் இருப்பது கூப்பிடுதல். திரும்பக் கூப்பிட முடியாதது. அதுவும் 'ஐ'தான். இன்றைக்கு அதை எழுத முடியாது.

மீனா: "ஏன் இப்படி வேர்த்துக் கொட்டறது? பிபி மாத்திரை போட்டேளா?"

போட்டேன்.

ஐப்பசி 10, புதன்

கோச்சிங் சென்டர் மானேஜர்: "சாரே, 'ஐ' எவிடே? பிரஸ்ஸில் கொடுக்கணும்." பெண் கல்யாணம் என்றேன். "அறியாம் சாரே, நாளை வராம். 'ஐ' கூடி தரணே" என்றார். கல்யாணத்துக்கும் வருவாராம், 'ஐ'யும் வேண்டுமாம். மனுஷனுக்கு அவர் கவலை.

அனுப்பிவிட்டேன். உதாரணம்: சூரியன் கிழக்கே உதிப்பது இம்யூட்டபிள். மட்டமான வாக்கியம். யாருக்கும் தொந்தரவில்லை.

சாயங்காலம் மண்டபம். மாப்பிள்ளை அழைப்பு. மழை சரியாக அந்த நேரம் பார்த்து நின்றது. ஹரியின் அம்மா அபர்ணாவின் கன்னத்தைத் தடவி, "எல்லாம் நல்லபடியா வந்துடுத்து" என்றாள். அந்தம்மா சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். அபர்ணா என்னைத் தேடிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் செய்தது சரி என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றியது.

சிவராமன் இன்றைக்கும் இரண்டு தடவை கோயம்புத்தூருக்குப் போட்டுப் பார்த்தான். ஸ்விட்ச்டு ஆஃப். "மனசே சரியில்லை, அத்திம்பேர். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்." போ என்றேன். வேறு என்ன சொல்ல?

ஐப்பசி 11, வியாழன்

மண்டபத்து மாடி அறையில் எழுதுகிறேன். கீழே நலங்குப் பாட்டு.

முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல். சிவராமன் மயில்கண் வேட்டியில் நெல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். அபர்ணா அவன் மடியில். அரக்குப் புடவை இல்லை, கூறைப்புடவை. நான் மூன்றாம் வரிசையில், போட்டோகிராபரின் முதுகுக்குப் பின்னால். 'பாரத்வாஜ கோத்ரஸ்ய' என்று அவன் அப்பா, தாத்தா பெயர்களைச் சொல்லி அவளைக் கொடுத்தார்கள். என் அப்பா பெயர் எங்கேயும் வரவில்லை. கெட்டிமேளம். எழுந்து நின்றும்கூடத் தெரியவில்லை. தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது.

அழுதேன். பக்கத்தில் இருந்தவர் சந்தோஷக் கண்ணீர் என்று முதுகைத் தட்டினார்.

ஏழு அடி எடுத்து வைத்து, ஹோமம் முடிந்தது. கல்யாணம் ஆயிற்று. இனி யாராலும் நிறுத்த முடியாது. பந்திக்கு முன் எல்லாரும் எழுந்தபோது, பின்கட்டில் குழாயடியில் சிவராமன் என்னைப் பிடித்துக்கொண்டான். ஃபோனைக் காட்டினான். மடியில் அபர்ணா, பின்னால் வாய் கொள்ளாச் சிரிப்போடு அவன்.

"இதை இப்பவே சுந்தரத்துக்கு அனுப்பணும். கண்ணால பாக்கட்டும், பாவம்."

"அனுப்பாதே, சிவராமா."

"ஏன்?"

சொன்னேன். இதற்காக மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "சுந்தரம் போயிட்டார்" என்றேன், அவ்வளவுதான்.

"எப்போ?"

"திங்கட்கிழமை கார்த்தாலே."

"திங்கட்கிழமை நாம கோவில்ல..."

"உன் ஃபோன்லதான் வந்தது. நான் எடுத்தேன்."

ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். "செவ்வாய்க்கிழமை நான் பேசினேனே. தூங்கறார்னானே."

"நான் சொல்லித்தான்."

ஃபோனைச் சுவர் மேல் வைத்துவிட்டு, குழாயடி வாளியைத் தூக்கி அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டான். பட்டு வேட்டியோடு. இன்னொரு வாளி. இன்னொன்று. சமையல்காரர்கள் எட்டிப் பார்த்து, "மாமாவுக்கு ஹோமப் புகையிலே சூடு ஏறிடுத்து" என்று சிரித்தார்கள்.

நான் அங்கேயே நின்றேன். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று, கணக்குப் போட்டேன். அபர்ணா இப்போது ஹரியின் கோத்திரம். ஹரியின் கோத்திரம் கௌண்டின்யம். என்னுடையது. போன வெள்ளிக்கிழமை போனவள், இன்றைக்குத் திரும்பி வந்துவிட்டாள். நடுவில் ஆறு நாள்தான் சிவராமனின் பெண். அந்த ஆறு நாளுக்குள் சுந்தரம் போக வேண்டியிருந்தது.

அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொன்னா கல்யாணம் நின்னிருக்கும், சிவராமா. வேற வழி தெரியலை. அபுவுக்காகத்தான்."

"தெரியறது."

"நீ கேட்டா உனக்குத் தீட்டு. நீ மடியில உக்காத்தி வெச்சுக்க முடியாது."

"எல்லாம் தெரியறது, அத்திம்பேர்." முகத்தைக் கையால் வழித்துக்கொண்டான். "என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம். ராத்திரி வண்டியில போய் அவன் முகத்தைப் பாத்துட்டு வந்து, ஒண்ணும் கேக்காத மாதிரி இங்கே உக்காந்திருப்பேன். பாவம் வந்தா எனக்கு வந்துட்டுப் போறது. அவளுக்காக நான் ஒரு பொய் சொல்ல மாட்டேனா? நானும் அவளுக்கு அப்பாதானே?"

துண்டை நீட்டினேன். வாங்கவில்லை.